நாலு ஆப்பரேட்டர்களும் ஒரு பள்ளிக்கூடமும்

எங்கள் குடியிருப்பின் கைபேசிக் குழுவில் போன மாதம் பெரிய வாக்குவாதம். குழுவின் சார்பில் எந்த அறக்கட்டளைக்கு உதவுவது என்று முடிவு செய்ய வேண்டும். நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் லிஃப்டில் பார்த்தால்கூட அடையாளம் தெரியாது. ஆனாலும் ஒரு வாரம் விடாமல் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு இளைஞர், ஒவ்வொரு அமைப்பின் இணையதளத்தையும் பார்த்து மார்க் போடலாம் என்று யோசனை சொன்னார். மார்க் என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது. முகம் தெரியாதவர்கள் கூடி ஒரு நல்ல காரியத்துக்கு மார்க் போட்ட கதை எனக்குத் தெரியும். அந்த மார்க்கைப் போட்டவளே நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஓசூர் தொழிற்பேட்டையில், கியர் செய்யும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தேன். சொந்த ஊர் காவேரிப்பட்டினம். வாசல் பக்கம் கண்ணாடி தடுத்த ஒரு சின்ன அறை, அதில் ஒரு போர்டு, அதில் வரிசையாக விளக்குகள், என் காதில் ஹெட்செட். வெளியிலிருந்து யார் அழைத்தாலும் முதலில் என்னிடம்தான் வர வேண்டும். நான் விட்டால்தான் பர்ச்சேஸ் மேனேஜரோடு பேச முடியும். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இந்த வயதில் மறைக்க வேண்டியதில்லை.

என்னைப் போலவே மற்ற கம்பெனிகளிலும் ஆப்பரேட்டர்கள் இருந்தார்கள். தினமும் பத்து முறையாவது லைனில் சந்திப்போம். அப்படிச் சேர்ந்த கூட்டம் நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் பெயர் உண்டு, ஆனால் லைனில் யாரும் சொன்னதில்லை. போர்டில் உட்கார்ந்துவிட்டால் கம்பெனி செய்யும் பொருள்தான் பெயர். நான் கியரு. வால்வு கம்பெனியில் இருந்தவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர், கிறிஸ்தவர், அதட்டலான குரல், அவர் வால்வக்கா. மருந்து கம்பெனிக்காரி நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள், அவள் மருந்து. நாலாவது பிஸ்கட்டு. வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, எங்களோடு தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

மதியம் ஒன்றரை மணிக்கு அதிகாரிகள் எல்லாம் கேன்டீனில் இருப்பார்கள். அப்போது எங்கள் சபை கூடும். வால்வக்கா எனக்கு அடிப்பார். நான் கான்ஃபரன்ஸ் பொத்தானை அழுத்தி மருந்தைச் சேர்ப்பேன். மருந்து தன் போர்டிலிருந்து பிஸ்கட்டைச் சேர்ப்பாள். சங்கிலி நீள நீளக் குரல் மெலியும். கடைசிக் கண்ணியில் இருந்த பிஸ்கட்டு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். "ஏய் பிஸ்கட்டு, சத்தமா பேசுடி" என்று நான் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கத்துவேன். இரண்டு வருடம் இப்படிப் பேசியிருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

தீபாவளி வந்தால் எங்கள் மேஜைக்கடியில் ஸ்வீட் பெட்டிகள் சேரும். சப்ளையர்கள், லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள், உதிரிபாகம் விற்பவர்கள் எல்லோரும் ஆப்பரேட்டருக்கென்று ஒரு பெட்டி தனியாக வாங்கி வருவார்கள். லைன் சீக்கிரம் கிடைக்க வேண்டுமே! அந்த வருடம் வால்வக்காவுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாப்பா, எறும்புதான் தின்னுது இதையெல்லாம். நாலு பேருதையும் ஒண்ணா சேத்து எங்கயாச்சும் ஒரு ஹோமுக்குக் குடுத்துடலாம். வருஷா வருஷம் அந்த ஹோமையே நாம பாத்துக்கலாம்" என்றார்.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எந்த இடம் என்பதில்தான் வழக்கு. வால்வக்கா ஓசூரிலேயே இருந்த ஒரு முதியோர் இல்லத்தைச் சொன்னார். மருந்து, குருபரப்பள்ளி தாண்டி ஹைவேயை ஒட்டி இருந்த ஒரு பிள்ளைகள் விடுதியைச் சொன்னாள். பிஸ்கட்டு, தேன்கனிக்கோட்டை போகும் வழியில் இருந்த காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றைச் சொன்னாள்.

"அங்க ஸ்வீட் வேணாக்கா. வேற ஒண்ணு வேணும்" என்றாள் பிஸ்கட்டு.

"என்னாது?"

"பென் டார்ச் செல்."

"செல்லா? தீபாவளிக்கு எவளாச்சும் செல் குடுப்பாளா?" என்று நான் சிரித்தேன். மருந்தும் சிரித்தாள். பிஸ்கட்டும் சிரித்த மாதிரிதான் கேட்டது.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பிஸ்கட்டின் ஒரே மகள் அந்தப் பள்ளியில்தான் தங்கிப் படித்தாள். ஏழு வயது. நெஞ்சில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு காது மிஷின், அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அதற்குள் போடும் செல் பத்து பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் பிள்ளைக்கு உலகம் ஊமையாகிவிடும். வசதியுள்ள பெற்றோர் செல் வாங்கி அனுப்புவார்கள். மற்ற பிள்ளைகள் வெறும் பெட்டியை மாட்டிக்கொண்டு டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிஸ்கட்டு மகளுக்கு மாதாமாதம் செல் அனுப்பினாள். மகளோ காலையில் தான் போட்டுக்கொண்டு, மத்தியானம் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்குக் கழற்றிக் கொடுத்துவிடுவாளாம். இதையெல்லாம் லைனில் சொல்லியிருந்தால் பேச்சே வேண்டியிருக்காது, நாலு பேரும் அந்தப் பள்ளியைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம். அவள் சொல்லவில்லை. தன் பிள்ளைக்காகக் கேட்பது போல ஆகிவிடும் என்று கூச்சம்.

இப்போது என் மேதாவித்தனத்துக்கு வருகிறேன். மூன்று இடத்தையும் நேரில் பார்க்க எங்களுக்கு லீவு ஏது? "ஃபோன் போட்டுப் பாக்கலாம்" என்றேன் நான். "ஃபோனை எப்படி எடுக்கறாங்கன்னு பாத்தா இடம் எப்படின்னு சொல்லிடலாம். எத்தன கம்பெனிய நாம அப்படி எடை போட்டிருக்கோம்?"

அது உண்மையும்கூட. எந்தக் கம்பெனி நன்றாக நடக்கிறது, எதில் சம்பளம் சரியாகத் தருவதில்லை, எந்த மேனேஜர் ஆட்களைத் திட்டுகிறவர் என்பதெல்லாம் ஆப்பரேட்டரின் ஹலோவிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒருவரும் மறுக்கவில்லை. மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும், எடுத்ததும் இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், குரலில் எரிச்சல் கூடாது, லைனில் இருக்கச் சொன்னால் திரும்பி வந்து நன்றி சொல்ல வேண்டும். பத்துக்கு மார்க். சோதனை போடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முதியோர் இல்லத்தில் ஐந்தாவது மணிக்கு ஒரு பெரியவர் எடுத்து, இருமி முடித்து, "யாரும்மா, சாப்டியா?" என்றார். இடத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டாரே! ஆறு போட்டேன். ஹைவே விடுதியில் இரண்டாவது மணிக்கு எடுத்து, பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்கள். தேன் ஒழுகும் குரல். எங்கள் கம்பெனி முதலாளி கேட்டிருந்தால் என் நாற்காலியை அந்தக் குரலுக்குக் கொடுத்திருப்பார். ஒன்பதரை.

பள்ளிக்கூடத்தில் முதல் மணியிலேயே எடுத்தார்கள். பரவாயில்லையே என்று நினைத்தேன். ஆனால் குரலே இல்லை. ரிசீவரை எதன்மீதோ வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ ஓடும் காலடிச் சத்தம். அவ்வளவுதான். "ஹலோ, ஹலோ" என்றேன். பத்து எண்ணினேன், வெட்டிவிட்டேன். போர்டில் பத்து எண்ணிக்கைக்கு மேல் காத்திருக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. பொறுமைக்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை இல்லை. மறுநாள் போட்டேன், அதே கதை. மூன்றாம் நாளும் எடுத்தார்கள், வைத்தார்கள், ஓடினார்கள்.

மதிய சபையில் முடிவைச் சொன்னேன். மூன்றாவது இடத்துக்குச் சைபர் என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பிள்ளைங்களுக்குத்தான் காது கேக்காது. வாத்தியாருங்களுக்குமா கேக்காது? எடுத்துட்டு ஓடிப்போறாங்க. ஒரு வார்த்தை பேச ஒருத்தர் வாயிலயும் நாக்கு இல்ல போல" என்றேன்.

மருந்து சிரித்தாள். வால்வக்கா "ஏய், அப்டில்லாம் பேசாத பாப்பா" என்று அதட்டினார். சங்கிலியின் கடைசியிலிருந்து பிஸ்கட்டின் குரல் மெல்லக் கேட்டது.

"ஒரு நிமிஷம் இருந்து பாத்தீங்களா அக்கா?"

"நம்ம வேலையில ஒரு நிமிஷம்னா என்னான்னு உனக்குத் தெரியாதா? அதுக்குள்ள நாலு லைன் போட்டுடுவேன்."

"சரிக்கா. பேடா, வேணாம், விடுங்க."

ஒன்பதரை மார்க் வாங்கிய விடுதிதான் என்று முடிவாயிற்று. அடுத்த நாள் பிஸ்கட்டு சபைக்கு வரவில்லை. மருந்து அடித்தபோது, போர்டு பிஸி என்றாளாம். அதற்கடுத்த நாளும் பிஸி.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் மருந்தும் ஸ்வீட் பெட்டிகளோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாக ஏற்பாடு. அரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம், தெரியவில்லை. குருபரப்பள்ளிக்கு பஸ் எப்போது என்று அவள் கண்டக்டரைக் கேட்டாள். குரலைக் கேட்டதும் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். "ஏட்டி, நீயா கியரு? நான் உன்னைய நெட்டையா நெனச்சிருந்தேன்" என்றாள். எனக்கு அவளைக் குட்டையாக நினைப்பு. இரண்டும் தப்பு.

விடுதியில் எங்களை நன்றாகவே வரவேற்றார்கள். தேன் குரலுக்குச் சொந்தக்காரர் ஒல்லியான மனிதர், மிக நல்லவர். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். பெட்டிகளை வைக்க ஓர் அறையைத் திறந்தார். அங்கே ஏற்கனவே ஆள் உயரத்துக்கு ஸ்வீட் பெட்டிகள் இருந்தன. ஹைவேயில் போகிற கம்பெனியெல்லாம் அங்கேதான் கொடுத்திருந்தது. "ஓரமா வெச்சிடுங்கம்மா, இடம் பாத்து" என்றார் கனிவாக. எங்கள் பெட்டிகள் அந்த அடுக்கில் எங்கே போயின என்று திரும்பிப் பார்த்தபோது தெரியவில்லை. ஃபோனை அழகாக எடுக்கிற இடத்துக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் வரும்போது மருந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் போர்டில் முதல் விளக்கே வால்வக்கா.

"அந்தப் பிள்ளை ஏன் வர்றதில்லன்னு கேட்டியா நீ?"

"பிஸியாம்."

"அன்னைக்கு 'சரிக்கா'ன்னு சொன்னாளே, அது உனக்கு அழற குரல்னு தெரியல? இவ்ளோ பெரிய காதை வெச்சிக்கினு என்னாத்தடி கேக்கற?"

சுருக்கென்றது. உடனே பிஸ்கட்டுக்கு நேராக அடித்தேன். சங்கிலி இல்லாமல் அவள் குரலை நான் கேட்பதே அபூர்வம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

"அங்க என் பொண்ணு இருக்காக்கா."

மிஷினையும் செல்லையும் பற்றி, மகள் பாதி நாளைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் பற்றி, எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். இந்த முறை மூன்று மொழி கலக்கவில்லை, சிரிப்பும் இல்லை. "உங்க மேல கோவம் இல்லக்கா. நாக்கு இல்லன்னு சொன்னீங்க இல்ல, அதுதான் தாங்கல. அவ இப்பதான் 'ம்மா'ன்னு ஒரு சத்தம் கத்துக்கிட்டிருக்கா" என்றாள்.

வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் உணர்ந்தது கிடையாது. "மன்னிச்சுக்கடி" என்றேன். "ஐயோ, அக்கா" என்றாள்.

அன்று பகல் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி அடித்தேன். முதல் மணியில் எடுத்தார்கள். ரிசீவரை வைத்தார்கள். காலடி ஓடியது. நான் காத்திருந்தேன். பத்து எண்ணியாயிற்று, இருபது எண்ணியாயிற்று. ஏதோ குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது, காக்கை கரைந்தது. என் போர்டில் ஒரு விளக்கு எரிந்தது, இரண்டாவது எரிந்தது, ஐந்து விளக்கும் கண்ணைச் சிமிட்டின. அதில் ஒன்று முதலாளியின் லைன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதலாளியின் விளக்கை நான் இரண்டாவது சிமிட்டல் வரை விட்டதில்லை. அன்று விட்டேன். கை தானாகப் பொத்தானுக்குப் போனது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அப்புறம் தூரத்தில் காலடிகள் திரும்பி வருவது கேட்டது. இப்போது இரண்டு ஜோடி.

"வணக்கம்ங்க" என்று மூச்சிரைக்க ஒரு பெண் குரல். "இவ்ளோ நேரம் இருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க."

என் நாலு விதியில் மூன்று மீறப்படவே இல்லை என்பதை நான் அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். பெயரை மட்டும் சொல்ல மறந்துவிட்டார், பாவம், ஓடி வந்த களைப்பு. முதலாளி அன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். லைன் கோளாறு என்றேன்.

அடுத்த ஞாயிறு பிஸ்கட்டோடு பள்ளிக்குப் போனேன். லைனில் கேட்கும் நூல் குரலுக்கு, ஆள் நல்ல உயரம், அகன்ற தோள். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கேழ்வரகுக் கொல்லைகளை ஒட்டி நடந்தோம். யானை வந்து மிதித்த இடங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

ஓட்டுக் கட்டடம், நடுவில் ஒரு மைதானம், அந்தக் கோடியில் வகுப்புகள், இந்தக் கோடியில் சமையலறை. சமையலறை மேஜையில்தான் ஃபோன் இருந்தது. கறுப்பு ஃபோன், பக்கத்தில் நறுக்கிப் போட்ட கத்தரிக்காய். மேஜையில் இடது கையை ஊன்றியபடி ஒரு பெண் வலது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"இந்தப் பள்ளிக்கூடத்துலயே படிச்சவ. இங்கயே சமையலுக்கு வந்துட்டா" என்றார் பெரிய டீச்சர், அன்று மூச்சிரைக்கப் பேசியவர். "ஃபோனுக்குன்னு தனியா ஆள் போட நமக்கு வசதி இல்லீங்க. நான் கிளாஸ்ல இருப்பேன். இவதான் ஃபோனைப் பாத்துக்கறா. மேஜை மேல எப்பவும் ஒரு கை இருக்கும் பாருங்க. மணி அடிச்சா மேஜை அதிரும். உடனே எடுத்து வெச்சிட்டு என்னைக் கூப்பிட ஓடியாருவா. ஆனா நான் வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பேரு வெச்சிடறாங்க. அதுக்கு இவ என்னா பண்ணுவா?"

"அந்தப் பாதியில நானும் ஒருத்தி டீச்சர். மூணு தடவை" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தோமா என்று விசாரிக்க வால்வக்கா அந்த நேரத்துக்கு ஃபோன் போடுவதாகச் சொல்லியிருந்தார். மணி அடித்தது. அந்தப் பெண் எடுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் உள்ளங்கையை மேஜைமேல் வைத்தாள். விர்ரென்று ஒரு நடுக்கம் விரல்வழியே முழங்கைவரை ஏறியது. தினமும் நூறு மணியோசை கேட்கிறவள் நான். மணி இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் ஆப்பரேட்டர்தானே! எங்கள் நாலு பேரைவிட வேகமாக எடுப்பவள். அன்று எனக்காக விட்டதைத் தவிர, முதல் மணிக்கு மேல் அடிக்க விட்டதே இல்லை.

தொழில் முறையில் ஒரே ஒரு யோசனை சொன்னேன். எடுத்ததும் ஓடாமல், ரிசீவரின் வாய்ப்பக்கத்தை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடச் சொன்னேன். ஆள் இருக்கிறது, இருங்கள் என்று அர்த்தம். டீச்சர் சைகையில் சொன்னதும் அவள் உடனே புரிந்துகொண்டு, ரிசீவரை எடுத்து வால்வக்காவுக்கே தட்டிக் காட்டினாள்.

பிஸ்கட்டின் மகளையும் பார்த்தேன். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு என்னை ஒரு கண்ணால் பார்த்தாள். நெஞ்சில் பெட்டி, காதில் வயர். என் ஹெட்செட்டுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. பெட்டியில் அன்று செல் இல்லை. பக்கத்துப் பெஞ்சின் முறை.

மறுநாளே சபையில் முடிவு மாறியது. ஸ்வீட் போய்விட்டது, ஆனால் ஆங்கிலப் புத்தாண்டு வருகிறது; டைரியும் காலண்டரும் கொண்டு சப்ளையர்கள் வருவார்கள். நாலு பேரும் ஒரே மாதிரிச் சொன்னோம். "டைரி வேணாங்க. பென் டார்ச் செல் ஒரு பெட்டி குடுங்க." லாரி புக்கிங்காரர் ஒருவர் திகைத்துப்போய், "எதுக்கு மேடம், உங்க ஏரியாவுல அவ்ளோ கரண்ட் கட்டா?" என்றார். ஓசூரில் ஆப்பரேட்டர்கள் எல்லோருக்கும் இருட்டென்றால் பயம் என்று லாரி ஆபீஸ்களில் ஒரு பேச்சு கிளம்பி, அது எங்கள் காதுக்கே திரும்பி வந்தது. விஷயம் தெரிந்த பிறகு அவர்களே பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்தார்கள். லஞ்சம் வாங்குகிறோமே என்று மருந்துக்கு ஒரு சந்தேகம். "நமக்குன்னு கேட்டாதான்டி பாவம்" என்று வால்வக்கா அடித்துச் சொல்லிவிட்டார். என் மேஜை டிராயர் முழுக்கச் செல். அதைப் பார்த்து எனக்கிருந்த பெருமை, போனஸ் வாங்கிய நாளில்கூட இருந்ததில்லை.

செல்லெல்லாம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு நாள், மதியம் ஒன்றரை. சங்கிலி கூடியிருந்தது. பிஸ்கட்டு தன் போர்டிலிருந்து பள்ளிக்கூடத்தையும் சேர்த்தாள். மகளை ஃபோனுக்குக் கூட்டிவருவதாக டீச்சர் சொல்லியிருந்தாராம். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முதல் மணியில் எடுக்கப்பட்டது. இரண்டு தட்டு. காலடி ஓடியது. யாரும் வெட்டவில்லை. காலடிகள் திரும்பின.

"வந்துட்டா" என்றார் டீச்சர், எங்கோ தூரத்திலிருந்து. "அவளுக்கு மைக்கு நெஞ்சுல, பெட்டிக்குள்ள இருக்கு. அதனால ரிசீவரை நெஞ்சுலதான் வெச்சிருக்கா. பேசுங்க."

பிஸ்கட்டு கன்னடத்தில் ஏதோ கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டாள், உரக்க. "கேக்கலன்னு தலையாட்டறா" என்றார் டீச்சர். பிஸ்கட்டின் குரல் நடுங்க ஆரம்பித்தது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. நாங்கள்தான் காரணம். ஒரே லைனில் இத்தனை பேர் தொங்கிக்கொண்டிருந்தால் குரலில் எங்கே பலம் இருக்கும்? பிஸ்கட்டின் மகள் பேசும் அந்த முதல் சத்தத்தைக் கேட்க என்னைவிட ஆசைப்பட்டவள் அந்த ஊரில் இருந்திருக்க மாட்டாள், அவளைப் பெற்றவளைத் தவிர.

"மருந்து, எறங்கு. நாங்களும் எறங்கறோம். வால்வக்கா, வெச்சிடுங்க" என்றேன்.

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆப்பரேட்டர்கள் இல்லையா, புரிந்துவிட்டது. மூன்று பேரும் வெட்டினோம். என் போர்டில் அந்த விளக்கு அணைந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பிஸ்கட்டு கம்பெனி இருந்த திசையில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதியம் சபை கூடியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம், கேட்டதா என்று.

"கேட்டுதுக்கா" என்றாள் பிஸ்கட்டு, சங்கிலியின் கடைசியிலிருந்து. "சாப்டியான்னு கேட்டேன். 'ம்மா'ன்னா."

அவள் மெல்லத்தான் சொன்னாள். சத்தமாகப் பேசு என்று அன்று நான் சொல்லவில்லை.